ஃபேனுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று!

(மூன்றாமாண்டு, மின்னியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "சோலார் பத்தி எழுது, எலக்ட்ரிக் கார் பத்தி எழுது" என்று ஆளாளுக்கு ஆலோசனை சொன்னார்கள். அதையெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. நான் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு சுவிட்சைப் பற்றி எழுதுகிறேன். "இதுல எழுத என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தாராளமாகப் புரட்டலாம்.

ஓர் அறை. மேலே சீலிங் ஃபேன், அதற்கு அடியிலேயே ஒரு லைட். சுவரில் ஒரு போர்டு. அதில் ஃபேனுக்கு ஒரு சுவிட்ச், ஒரு ரெகுலேட்டர். லைட்டுக்கு ஒரு சுவிட்ச். போர்டு வரைக்கும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வந்துவிட்டன. போர்டிலிருந்து மேலே எத்தனை வயர் ஏற வேண்டும்?

நான் கேட்டுப் பார்த்தவரையில் ரெண்டில் ஆரம்பித்து ஆறு வரைக்கும் எல்லா எண்ணும் வந்தது. மெக்கானிக்கல் நண்பன் ஒருவன், "அதுக்குத்தான் எலக்ட்ரீஷியன்னு ஒருத்தர் இருக்காரே" என்று முடித்துக்கொண்டான். அவனை விட்டுவிடலாம். நம் பிரிவிலேயே பாதிப் பேர் விரலை மடக்கி எண்ணினார்கள்.

பதில் நான்கு. ஃபேன் சுவிட்சிலிருந்து ரெகுலேட்டர் வழியாக ஏறும் வயர் ஒன்று. லைட் சுவிட்சிலிருந்து ஏறும் வயர் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். ஃபேன் உடம்புக்கு எர்த். மூன்று என்றவர்கள் எர்த்தை மறந்தவர்கள். ஆறு என்றவர்கள் தனித்தனி நியூட்ரல், தனித்தனி எர்த் இழுத்தவர்கள். தப்பில்லை, வயர்தான் அதிகம். ரெண்டு என்றவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் வெளியே எத்தனையோ வீடுகளில் உண்மையிலேயே ரெண்டுதான் ஏறியிருக்கிறது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். தனி சுவிட்ச் என்பது போர்டில் எத்தனை பொத்தான் தெரிகிறது என்பதில் இல்லை. பைப்புக்குள் எத்தனை வயர் ஏறியது, எந்த வயரை அந்தப் பொத்தான் வெட்டுகிறது என்பதில் இருக்கிறது. பொத்தானை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். உள்ளே போனதைப் பார்க்க வேண்டியது நாம். நாம் பார்ப்பதில்லை.

முதலில், தனி சுவிட்ச் எதற்கு என்றே கேட்பவர்களுக்கு. ஒண்டுக் குடித்தனங்களில், லைன் வீடுகளில், மாடியில் ஷீட் போட்டு வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகளில் போய்ப் பாருங்கள். ஒரே சுவிட்சில் ஃபேனும் லைட்டும். ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணைத்தால் ஃபேனும் நின்றுபோகும். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் இல்லாமல் யார் தூங்குவது? ஆகவே வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, துண்டைச் சுற்றி பல்பைப் பிடித்து, அழுத்தித் திருகி, ஹோல்டரிலேயே லூசாக விட்டுவிடுவார். காலையில் மறுபடி ஏறித் திருகுவார். தினமும் இதே வேலை. லூசான இடத்தில் பொறி பறந்து பறந்து ஹோல்டரின் பின் கருகும், ஸ்பிரிங் போகும். அதைவிட முக்கியம், தினசரி இரண்டு முறை ஒரு மனிதன் கரண்ட் உள்ள ஹோல்டரில் கை வைக்கிறான். ஒரு சுவிட்சும் ஆறு மீட்டர் வயரும் மிச்சம் பிடித்ததற்கு இந்தக் கூலி.

இது மறு பக்கத்திலும் உண்டு. கைக்குழந்தைக்கு ஜலதோஷம், ஃபேன் வேண்டாம், லைட் வேண்டும். அதே அறையில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கிறார்கள், ஃபேன் ஓடினால் தீ ஆடும். பெரிய வீட்டில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை, வேறு அறைக்குப் போய்விடலாம். ஒற்றை அறைக்காரருக்குத்தான் தனி சுவிட்ச் ரொம்பத் தேவை. அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை.

சரி, இரண்டு சுவிட்ச் வைத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி: அது எதை வெட்டுகிறது?

ஃபேஸை வெட்டினாலும் லைட் அணையும். நியூட்ரலை வெட்டினாலும் லைட் அணையும். வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. அணைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால், அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் பின்னில் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது. "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தானே தொட்டேன்" என்று சொல்லும் நிலையில் தொட்டவர் இருந்தால் அது அவருடைய அதிர்ஷ்டம். ஃபேனிலும் இதே கதைதான். சுவிட்சை அணைத்துவிட்டுக் கெப்பாசிட்டரை மாற்ற ஏறுகிறவர், அலுமினிய ஏணியில் நின்றுகொண்டு, ஓடாத ஃபேனை உயிரில்லாத ஃபேன் என்று நம்புகிறார்.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 32-ஆவது விதி இதைத்தான் சொல்லியது: எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனியாக சுவிட்சோ ஃபியூஸோ கட் அவுட்டோ வைக்கக் கூடாது, வைத்தால் ஃபேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் வெட்டுவதாக இருக்க வேண்டும். பிறகு அந்த விதிகளின் இடத்தில் 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன, 2023-இல் அவையும் புதுப்பிக்கப்பட்டன. பெயர் மாறியது, எண் மாறியது, விஷயம் மாறவில்லை. நாமும் பரீட்சையில் "சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும்" என்று அடிக்கோடு போட்டு எழுதுகிறோம். ஒரு வரி, இரண்டு மார்க்.

அப்படியிருக்க, இந்தத் தப்பு எப்படி வீட்டுக்குள் வருகிறது? வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. மூன்று வாசல் வழியாக வரும் என்பது என் கணிப்பு.

ஒன்று, கலர். நம் ஊரில் ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வேலை பாதியில் சிவப்பு காயில் தீர்ந்துபோனால், கடை தூரமாக இருந்தால், பையில் இருக்கிற கறுப்பு துண்டே ஃபேஸாக ஏறும். ஏற்றியவருக்கு அது ஞாபகம் இருக்கும். ஐந்து வருடம் கழித்து போர்டைத் திறக்கிறவருக்கு யார் சொல்வது? இதில் வெளிநாட்டு சாமான் வந்தால் இன்னும் வேடிக்கை. பிரிட்டனில் 2006-லிருந்து புது வேலைகளுக்கெல்லாம் ஐரோப்பியக் கலர்தான், அதில் நீலம் என்றால் நியூட்ரல். அமெரிக்காவில் விற்கும் லைட் வைத்த ஃபேன்களில் பெரும்பாலும் கறுப்பு வயர் ஃபேனுக்கு, நீல வயர் லைட்டுக்கு, வெள்ளை நியூட்ரல். நம் கறுப்பு அங்கே ஃபேஸ்! துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா கொண்டுவந்த அலங்கார விளக்கைக் கலர் பார்த்து மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, பிற்பாடு சேர்த்த பாயிண்ட். வீடு கட்டும்போது ஃபேன் மட்டும் இருந்தது. பிறகு லைட் வேண்டும் என்றார்கள். சுவரைக் கொத்த மனசில்லை. பக்கத்தில் எந்தப் பெட்டியில் என்ன வயர் கிடைக்கிறதோ அதிலிருந்து கடன் வாங்கி, எரிந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள்.

மூன்றாவதுதான் பயங்கரம். உள்ளே வயரிங் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. புயலிலோ மழையிலோ சர்வீஸ் வயர் அறுந்து, மறுபடி கட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன. அந்த நிமிடத்தில் வீட்டில் இருக்கிற அத்தனை ஒற்றை சுவிட்சும் நியூட்ரல் சுவிட்ச் ஆகிவிடும். ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் தொடவில்லை. லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, மீட்டரும் ஓடுகிறது. கரண்ட் வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். சர்வீஸ் வயர் மாற்றிய வீட்டில் டெஸ்டரை எடுத்து ஒரு முறை பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் எல்.இ.டி. பல்புக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய கால் ஆம்பியருக்குச் சற்று மேல் வேண்டும். அதற்குக் குறைந்து மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வந்தால் அது கண்டுகொள்ளாது. எல்.இ.டி. அப்படியில்லை. அதன் உள்ளே இருக்கிற சிறிய கெப்பாசிட்டர், வருகிற துளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நிறைந்ததும் மினுக்கும். "சுவிட்சை அணைச்சும் லைட் லேசா எரியுதுடா, வீட்டுல ஏதோ இருக்கு" என்று பாட்டி பயப்படுகிறார்களே, அதுதான் இது. பேயும் இல்லை பிசாசும் இல்லை. நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால், ஃபேஸ் பல்பு வரைக்கும் வந்து நிற்கிறது. பல்பின் அந்தப் பக்கத்து வயர் பைப்புக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் உரசிக்கொண்டு கீழே இறங்குகிறது. இரண்டு வயர், நடுவே பி.வி.சி., அதுவே ஒரு கெப்பாசிட்டர்! அதன் வழியாகக் கசிவது பல்பை மினுக்கவைக்கப் போதும்.

ஆனால் மினுக்கினாலே தப்பு வயரிங் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சரியான வயரிங்கிலும் மினுக்கும். நாம் ஏற்றிய நான்கு வயரில், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனின் வயரும் அணைந்திருக்கும் லைட்டின் வயரும் ஒரே பைப்பில்தானே ஒட்டிக்கொண்டு போகின்றன? அதிலிருந்தும் கசியும். ஆகவே ஃபேனையும் அணைத்துப் பாருங்கள். மினுக்கல் நின்றால் அது பக்கத்து வயரின் வேலை, பயமில்லை. சுவிட்சுக்குள்ளேயே சிவப்பாக இண்டிகேட்டர் எரிகிற வகை என்றால், அந்தச் சின்ன விளக்கு வழியாகவும் கசியும். இரண்டும் இல்லாமல் மினுக்கினால், போர்டைத் திறக்கிற நேரம் வந்துவிட்டது.

திறந்தபின் எப்படிப் பார்ப்பது? இதை வைவாவில் கேட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன். பலர் சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டர் வைப்பார்கள். அணைந்திருக்கும்போது ஃபேஸ் சுவிட்சிலும் ஒரு திருகில் டெஸ்டர் எரியும், நியூட்ரல் சுவிட்சிலும் ஒரு திருகில் எரியும், ஏனென்றால் பல்பு வழியாக ஃபேஸ் இறங்கி வந்து நிற்கிறது. ஆகவே ஏமாந்துபோவோம். சுவிட்சைப் போட்டு, லைட் எரியும்போது பாருங்கள். டெஸ்டர் இரண்டு திருகிலும் எரிந்தால் சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் நியூட்ரலில் இருக்கிறது. லைட் எரிகிறது, சுவிட்சில் டெஸ்டர் எரியவில்லை என்றால் வேறு அர்த்தமே கிடையாது. அதற்கு முன்னால் டெஸ்டரை வேலை செய்கிற பிளக் பாயிண்டில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு வாங்கிய டெஸ்டரை நம்பி யாரும் உயிரை வைக்க வேண்டாம்.

"அதான் ஆர்.சி.சி.பி. வந்துடுச்சே, 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆயிடுமே" என்று வாதாடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். நியாயமான கேள்விதான். மேலும் அது இருந்தால் நல்லதுதான். ஆனால் உடம்பு வழியாக எர்த்துக்குப் போவதைத்தான் அது பிடிக்கும். ஒரு கை ஃபேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் இருந்தால், உங்களை அது ஒரு பல்பு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அதுவும் போக, மேலே சொன்ன தகரக் கூரை வீட்டில் ஆர்.சி.சி.பி. எங்கே இருக்கிறது? பல இடங்களில் இன்னும் பீங்கான் ஃபியூஸும், அதில் முறுக்கிச் சொருகிய வயர் துண்டும்தான்.

இன்வெர்ட்டர் கதையைச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. 2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்கள் வீட்டில் கேளுங்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பாதி நாளுக்கும் மேல் கரண்ட் இருக்காது. வசதிக்கு ஏற்றபடி வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. இன்வெர்ட்டருக்கு ஃபேனும் ஒரு லைட்டும் கொடுக்க வேண்டும், அயர்ன் பாக்ஸ் பாயிண்டும் மிக்ஸி பாயிண்டும் கொடுக்கக் கூடாது. அதாவது ஒரே போர்டில் சில சுவிட்சுக்கு ஒரு ஃபேஸ், மற்ற சுவிட்சுக்கு இன்னொரு ஃபேஸ். ஏற்கெனவே ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி வயர் என்று ஒழுங்காக இருந்த வீடுகளில் இது அரை மணி நேர வேலை. சுவிட்சுக்கு சுவிட்ச் போகிற லூப் வயரை நடுவில் வெட்டி, ஒரு பக்கத்துக்கு இன்வெர்ட்டர் ஃபேஸைக் கொடுத்தால் முடிந்தது. கலப்படமான வீடுகளில் அன்று ஆரம்பித்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

வெட்ட வேண்டிய லூப் ஒன்று வெட்டாமல் விட்டுப்போனால் ஈ.பி. ஃபேஸும் இன்வெர்ட்டர் ஃபேஸும் போர்டுக்குள்ளேயே கைகோத்துக்கொள்ளும். கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டர் தெருவுக்கே சப்ளை கொடுக்கப் பார்க்கும். பெரும்பாலும் ஓவர்லோடு என்று அதுவே கத்திக்கொண்டு நின்றுவிடும். ஆனால் வீட்டுக்கு வெளியே வோல்டேஜ் போகிற வழி ஒன்று திறந்துவிட்டது. வெளியே கம்பத்தில் லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

நியூட்ரலிலும் இதே தொல்லை. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் இன்வெர்ட்டர் லைட்டுக்குப் போன கரண்ட், கடன் வாங்கிய நியூட்ரல் வழியாகத் திரும்பினால், போனதும் வந்ததும் கணக்கு ஒத்துவராது. அது சும்மா சும்மா ட்ரிப் ஆகும். "ஆர்.சி.சி.பி. மட்டமான சரக்கு" என்று பழி போட்டு, அதைக் கழற்றிவிட்டு நேராக முறுக்கிவிடுவார்கள். நல்ல காவல்காரனை வேலையை விட்டு அனுப்பியாயிற்று!

எல்லாவற்றையும்விட, இப்போது மெயினை அணைப்பது என்பதற்கே அர்த்தம் போய்விட்டது. ஈ.பி. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் "கரண்ட் போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு தன் வேலையை ஆரம்பிக்கும். ஃபேனுக்கு உயிர் அப்படியே இருக்கும். மெயினை அணைத்துவிட்டு ஃபேன் கழற்றப் போன யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நம் லேப் மேனுவலில் "மெயின் சுவிட்சை அணைக்கவும்" என்ற பழைய வரி மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து ரிமோட் ஃபேன். 75 வாட் ஃபேனுக்குப் பதில் சுமார் 30 வாட்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன்கள் வந்திருக்கின்றன. சீலிங் ஃபேனுக்கு 2023-லிருந்து நட்சத்திரக் குறியீடு கட்டாயம் ஆன பிறகு கடைக்காரர்களும் அதைத்தான் முன்னால் வைக்கிறார்கள். நல்ல சாமான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு புது வாதம் கிளம்பியிருக்கிறது: "லைட்டும் ஃபேனும் ரிமோட்டுலயே தனித்தனியா போடலாம், அணைக்கலாம். அப்புறம் எதுக்கு சார் ரெண்டு வயர்? ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல் போதும்." இதைக் கட்டடம் கட்டுகிறவர்கள் சொன்னால் புரிகிறது. நாமும் தலையாட்டலாமா?

ரிமோட் அணைப்பது வேறு, சுவிட்ச் அணைப்பது வேறு. ரிமோட்டில் அணைத்த ஃபேனின் உள்ளே இருக்கிற சர்க்யூட்டுக்கு 230 வோல்ட் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. அடுத்த கட்டளைக்கு அது விழித்திருக்க வேண்டுமே! அது தூங்குகிறது, சாகவில்லை. மேலும் ரிமோட் தொலையும், செல் தீரும், ஐந்து வருடம் கழித்து அந்த மாடலே கடையில் இருக்காது. அன்று வீட்டுக்காரர் சாதாரண ஃபேனும் தனி லைட்டும் மாட்ட நினைத்தால், மேலே இருப்பது ஒரே ஜோடி வயர். மறுபடி ஸ்டூல், மறுபடி துண்டு! இன்னொன்று, பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மாட்டி, ஃபேனைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

செலவு எவ்வளவு என்று பார்ப்போம். போர்டிலிருந்து சுவர் ஏறி, ஸ்லாபில் போய், அறையின் நடுவுக்கு வர ஆறு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு காயில் 90 மீட்டர். ஒரு காயிலில் பதினைந்து அறைகளுக்கு அந்தக் கூடுதல் வயரை இழுத்துவிடலாம். ஒரு வீட்டுக்கு அரைக் காயில்கூட ஆகாது. ஒரு கதவின் பித்தளைப் பூட்டுக்குக் கொடுக்கிற காசு இதைவிட அதிகம்.

ஆனால் இழுக்க ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்பதை சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள். கம்பி கட்டி முடித்து, ஃபேன் ஹூக் வைத்து, பெட்டி வைத்து, பைப் கட்டுகிற அந்த நாள். அன்று அங்கே இருப்பது சென்ட்ரிங் ஆளும் கம்பி கட்டும் ஆளும், நம் சிவில் டிப்ளமோ சூப்பர்வைசரும். எலக்ட்ரிக்கல் படித்தவர் பெரும்பாலும் அன்று வருவதில்லை, பூச்சு முடிந்ததும் வருவார். கான்கிரீட்டில் பைப் மிதிபட்டு நசுங்கியிருந்தால், பெட்டிக்குள் சிமெண்ட் பால் புகுந்து அடைத்திருந்தால், பிறகு நான்கு வயர் எங்கே ஏறுவது? இரண்டு ஏறினாலே தேங்காய் உடைக்க வேண்டும். ஆக, "ரெண்டு வயர் போதும்" என்கிற முடிவைப் பல நேரம் எலக்ட்ரீஷியன் எடுப்பதில்லை. நசுங்கிய பைப் எடுக்கிறது. அந்தப் பைப்பை ஒரு ஷிப்ட் நேரம் பாதுகாத்துத் தரும் பொறுப்பு சிவில்காரர்களுடையது. பூச்சு வேலை முடிந்தபின் எங்களைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். வயரிங் லேபில் நாம் என்ன செய்கிறோம்? மேஜை மேல் மரப்பலகை. ஒரு லைட், ஒரு சுவிட்ச். ஸ்டேர்கேஸ் வயரிங். கோடவுன் வயரிங். இந்தக் கோடவுன் வயரிங்கை வெளியே எத்தனை பேர் வாழ்க்கையில் பார்த்தீர்கள் என்று கேட்டால் கை தூக்க ஆள் இருக்காது. ஆனால் நாட்டில் ஒவ்வொரு அறையிலும் இருக்கிற ஃபேனும் லைட்டும் ரெகுலேட்டரும் சேர்ந்த போர்டை நாம் ஒரு முறைகூடக் கட்டுவதில்லை. எஸ்டிமேஷன் பேப்பரில் ஃபேன் பாயிண்ட் 60 வாட், லைட் பாயிண்ட் 60 வாட், ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட் அல்லது 800 வாட் என்று கூட்டிக் கழிப்பதோடு சரி. பலகையில் வயர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். நிஜத்தில் பைப்புக்குள் போய் மறைந்து, மேலே வேறு இடத்தில் தலை நீட்டும். எந்த நுனி எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

இதைச் சொன்னால், "நாம என்ன வயர்மேனா?" என்ற பதில் வருகிறது. இந்தப் பதில் மேல்தான் எனக்குக் கோபம். சட்டப்படி வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். அந்த சூப்பர்வைசர் சான்றுக்கு நம்முடைய டிப்ளமோவைக் காட்டித்தான் விண்ணப்பிக்கப் போகிறோம். வேலை முடிந்ததும் "எல்லாம் சோதித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்ற அறிக்கையில் கையெழுத்து நம்முடையது. பொலாரிட்டி டெஸ்ட் என்று அதில் ஒரு வரி வரும். சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா என்பதுதான் அது. வயர்மேன் பையில் டெஸ்டர் இருக்கிறது, நம் பையில் பேனா இருக்கிறது. அவர் வேலை தெரியாமல் அதன் கீழே கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நம்மோடு சேர்ந்த நண்பர்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அவர்கள்தான் நமக்கு அண்ணன்கள். கூச்சப்படாமல் போய்க் கேட்கலாம்.

மாணவர் மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள். லேப் மூலையில் தலைக்கு மேல் ஒரு ஆங்கிள் ஃபிரேம், அதில் ஒரு ஃபேன் ஹூக், ஒரு பழைய ஃபேன், ஒரு லைட், சுவரில் ஒரு போர்டு, நடுவில் நிஜமான பைப். இது வெல்டிங் ஷாப்பில் நாமே செய்துகொள்ளக் கூடியது. மெக்கானிக்கல் நண்பர்கள் அந்த "எலக்ட்ரீஷியனைக் கேளு" பதிலுக்குப் பரிகாரமாக இதைச் செய்துகொடுக்கலாம். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு முறை அதில் வயர் இழுத்து, போர்டு கட்டி, பிரித்துவிட்டுப் போக வேண்டும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது அதற்குப் பிறகு.

இன்னொன்று, ஹாஸ்டல். லேப் உதவியாளர் அண்ணன் கூட இருக்க, ஒரு சனிக்கிழமை அறை அறையாக லைட் எரியும்போது சுவிட்சில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, எரியாத அறை எண்ணை மட்டும் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். தனியாக யாரும் போர்டைத் திறக்க வேண்டாம்; முதலாமாண்டுத் தம்பிகளுக்கு இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலில் செருப்போடு, கை ஈரமில்லாமல், பக்கத்தில் ஒரு ஆளோடு பாருங்கள். மெயினோடு சேர்த்து இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகுதான் எந்தத் திருகையும் கழற்ற வேண்டும்.

திறந்த போர்டை மூடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. எந்தெந்த சுவிட்ச் இன்வெர்ட்டர் லைன் என்று மூடியின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் சன்மைக்காவில் இரண்டு வருடத்தில் அழிந்துவிடும். பெயிண்ட் மார்க்கர் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.